நீலமணி டாக்கீஸில் நான் போடாத கூச்சல்

சத்தம் போடத் தெரியாதவன் திருவொற்றியூரில் குடியிருக்கக் கூடாது. இங்கே கன்டெய்னர் லாரியின் ஹாரனுக்கு மேலே பேசினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கும். டீக்கடையில் டீ கேட்பதும் சண்டை போடுவதும் ஒரே சுருதியில் நடக்கும். அப்படிப்பட்ட ஊரில், ஐம்பதை நெருங்கும் வயதிலும், பஸ்ஸில் ‘இறங்கணும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான். (ஒருமுறை யாருமே இறங்கவில்லை. மீஞ்சூர் வரைக்கும் போய்விட்டேன். அங்கே மைத்துனன் வீடு இருந்ததால், அவனைப் பார்க்கவே வந்ததாகச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.)

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று அம்மா சொல்வாள். நான் சொன்ன ‘உள்ளேன் ஐயா’ ஒரு நாளும் வாத்தியார் காதில் விழாததும் ஒரு காரணம். தினமும் போயும் வராதவனாகவே இருந்தேன்.

இந்த என்னிடம்தான் எங்கள் தெரு ஒரு தியேட்டரின் உயிரை ஒப்படைத்தது. அதுவும் கத்துகிற வேலைக்கு.

நீலமணி டாக்கீஸ் என் அப்பா பிறப்பதற்கு முன்பே கட்டியது. முகப்பில் சிமெண்டில் செய்த இரண்டு மயில்கள். உப்புக்காற்று ஒன்றின் கொண்டையையும் மற்றதன் மூக்கையும் தின்றுவிட்டது. முதலாளி காலமானபின் அவருடைய மகன்கள் இடத்தைக் குடோனுக்கு விடப் போவதாகத் தெரிந்தது. தெருவே கூடிப் போய்க் கெஞ்சியதில் ஒரு வார்த்தை கொடுத்தார்கள்: “லைசென்ஸைப் புதுப்பித்துக் காட்டுங்கள், நீங்களே நடத்திக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இடித்துவிடுவோம்.”

உடனே ஒரு பாதுகாப்புக் கமிட்டி முளைத்தது. தலைவர், அரிசி மண்டி அண்ணாச்சி. வயர் மாற்றினார்கள், மணல் வாளி மாட்டினார்கள். நான் கன்டெய்னர் யார்டில் வெல்டர். வேலை முடிந்து வந்து, உடைந்த நாற்காலிகளுக்குக் கால் வைத்தேன், துருப்பிடித்த கதவுகளுக்குப் புதுக் கீல் வைத்தேன். முகமூடியைப் போட்டுக்கொண்டு செய்கிற வேலை. யாரும் என்னோடு பேச மாட்டார்கள். அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

மீதி இருந்தது ஒன்றே ஒன்று. தீயணைப்பு அதிகாரி அம்மா வந்து ஒத்திகை பார்க்க வேண்டும். அரங்கு நிறைய ஆட்களை உட்காரவைத்து, தீப்பிடித்ததாக அறிவித்தால், குறித்த நேரத்துக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும். “ஒரே ஒரு தடவைதான் பார்ப்பேன். நெருப்பு இரண்டாவது வாய்ப்பு தராது” என்று அந்த அம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

கமிட்டி கூடித் திட்டம் போட்டது. முதலில் மணி. உடனே ஒருவர் மேடையில் நின்று, “தீ! தீ! எல்லாரும் வெளிய வாங்க!” என்று கத்த வேண்டும். அதைக் கேட்டதும் ஜனம் எழ வேண்டும். கத்துவது யார்?

“நான் கத்தறேன்” என்றார் மீன் விற்கும் பாக்கியம் அக்கா. “காசிமேட்டுல ஏலம் வுட்ட தொண்ட இது.”

“நீ கத்துனா ஜனம் வெளிய போவாது. வஞ்சிரம் இன்னா வெலன்னு கேக்கும்” என்றான் ஆட்டோ ஸ்டாண்டு டில்லி. “நான் கத்தறேன்.”

“நீ கத்துனா மட்டும்? சவாரிக்கு இஸ்துகினு போறான்னு அவனவன் சீட்டுக்கு அடில பூந்துக்குவான்.”

டில்லி எழுந்துவிட்டான். பாக்கியம் அக்கா ஏற்கெனவே எழுந்துதான் இருந்தார். அண்ணாச்சி கையைத் தூக்கினார். “நிறுத்துங்க. ரெண்டு பேருல யாரச் சொன்னாலும் நாளைக்கு இன்னொரு ஆளு கமிட்டிக்கு வரமாட்டாவ.” அவருடைய பார்வை சுற்றி வந்து மூலையில் இருந்த என் மேல் நின்றது. “ஏழுமல! நீதாம்ல கத்துத.”

இருவருக்கும் என் மேல் பொறாமை வரவில்லை. தூணைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள்? முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். முடியாது என்று சொல்லவும் சத்தம் வேண்டுமே. அண்ணாச்சி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டில் என் மனைவி செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். “யோவ், இத்தினி வருசத்துல நீ கத்தி நானே கேட்டதில்லயே! இன்னாத்துக்குத் தலையாட்டிக்கினு வந்த? உன்னால தியேட்டரு பூட்ச்சின்னா அப்பறம் நாம இந்தத் தெருவுல குடியிருக்க முடியாது, சொல்லிட்டேன்.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடலோரப் பாறைகளுக்குப் போய், அலையைப் பார்த்து, “தீ!” என்று பயிற்சி எடுத்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். “இன்னா நைனா, தீப்பெட்டி வோணுமா?” என்று மடியிலிருந்து எடுத்தும் கொடுத்தார். கூச்சத்தில் மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டேன். பீடி இல்லாததைப் பார்த்து அதையும் கொடுத்தார்.

ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முடிந்ததும் பழைய சண்டைப் படம் ஒன்றை இலவசமாகப் போடுவதாக அறிவித்திருந்தோம். அது போதாதா? அரங்கு நிரம்பி, இடம் கிடைக்காதவர்கள் வெளி முற்றத்தில் டீயும் சமோசாவுமாக நின்றார்கள். அதிகாரி அம்மா பால்கனியின் முன்வரிசையில் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்றார். சிரிக்கிற முகம் இல்லை. பக்கத்தில் அண்ணாச்சி, வேட்டி நுனியைப் பிசைந்துகொண்டு.

நான் திரைக்குப் பக்கத்தில், மணியின் சுவிட்சுக்குக் கீழே. எனக்கு எதிரே எங்கள் தெரு முழுக்க உட்கார்ந்து என்னையே பார்த்தது. செல்வி மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அம்மா கையை இறக்கினார். நான் சுவிட்சை அமுக்கினேன்.

நீலமணியில் மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியும். படம் போடப் போகிறார்கள். இடைவேளையில் டீ குடிப்பவன் பாதி டீயைக் கொட்டிவிட்டு உள்ளே ஓடி வருவது அந்த மணிக்குத்தான். இத்தனை கூட்டம் போட்ட கமிட்டியில் ஒருவருக்கும், சுவிட்சில் விரலை வைத்த எனக்கும், அது தோன்றவே இல்லை.

முற்றத்தில் நின்றவர்கள், “டேய், படம் போட்டாங்கடா!” என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் இடம் போய்விடும் என்று இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார்கள். கதவுக்காரர் காதர் பாய், காலமெல்லாம் செய்கிறபடி, எல்லாக் கதவையும் அடைத்துக் கறுப்புத் திரையையும் இழுத்துவிட்டார். மேலே கேபினில் ஆபரேட்டர் ஜார்ஜ் அண்ணன் விளக்கை அணைத்துப் படத்தை ஓடவிட்டார். விசில் பறந்தது.

அதாவது, தீப்பிடித்ததாக மணி அடித்ததும், கதவுகள் மூடின, விளக்குகள் அணைந்தன, வெளியே இருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். இதையெல்லாம் அதிகாரி அம்மா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி என் கூச்சல் ஒன்றுதான் மிச்சம். மேடையில் ஏறினேன். வாயைத் திறந்தேன். கீல் காய்ந்த கதவு மாதிரி ஒரு ‘க்ரீச்’ வந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர், “யோவ், மறைக்குது, குனியா!” என்றார்.

நான் குனிந்தேன். (இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. தெருவையே காப்பாற்ற நிற்கிறவன், குனி என்றால் குனிவானா?)

பால்கனியிலிருந்து அண்ணாச்சி, “ஏல, கத்துல!” என்று தவித்தார். “நீங்க பேசக் கூடாது. அறிவிக்க வேண்டியவர் அவர்தான்” என்றது அந்த அம்மாவின் குரல். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குள் குடோன் தெரிந்தது. மயில்களை இடித்துக் குப்பை லாரியில் ஏற்றுவது தெரிந்தது. ‘ஏழுமலையாலதான் பூட்ச்சி’ என்று தெரு பேசுவது கேட்டது.

கூட்டத்திடம் பேச முடியாவிட்டாலும் ஒற்றை ஆளிடம் பேசலாமே என்று தோன்றியது. கேபினுக்கு ஓடினேன். ஜார்ஜ் அண்ணன் எனக்கு முதுகைக் காட்டியபடி, சுவரின் சின்ன ஓட்டை வழியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே” என்றேன். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. தோளைத் தொடலாம் என்று இருட்டில் நெருங்கியபோது கால் ஒரு வயரில் மாட்டி, பக்கத்து மேஜைமேல் குப்புற விழுந்தேன். என் கன்னத்துக்குக் கீழே ஒரு சுவிட்ச் ‘டக்’ என்றது.

அது பழைய ஸ்லைடு பெட்டி. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, ஜார்ஜ் அண்ணன் தன் கையால் எழுதிய ஒரு கண்ணாடிச் சில்லை அதில்தான் காட்டுவார்.

திரையில் கதாநாயகன் முதல் அடியாளை நோக்கிக் கையை ஓங்கியிருந்தான். அடி விழவில்லை. அவன் மூக்குக்குக் குறுக்கே, பூப்போட்ட எழுத்தில், ‘சுபம்’ என்று வந்தது.

ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சரசரவென்று அரங்கே எழுந்தது. கால்கள் தாமாகச் செருப்பைத் தேடின, கைகள் தாமாகப் பையை எடுத்தன. காதர் பாய் கதவுகளை விரியத் திறந்தார். ஜார்ஜ் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல், விளக்கைப் போட்டார். பஸ்ஸைப் பிடிக்கிறவன் வேகத்தில், தள்ளுமுள்ளு இல்லாமல், எல்லா வாசல் வழியாகவும் ஜனம் கரைந்தது. நான் தரையில் கிடந்தபடி அந்த ஓட்டை வழியாகப் பார்த்தபோது கீழே நாற்காலிகள் மட்டும் இருந்தன. நான் கால் வைத்த நாற்காலிகள்.

வெளியே போன பிறகுதான் அவர்களுக்குப் புத்தி வந்தது. “டேய், படமே இப்பதான்டா ஆரம்பிச்சான்! எவன்டா சுபம் போட்டவன்?” என்று முற்றத்தில் ஒரே ரகளை. டில்லி மேலே ஏறி வந்து என்னைத் தூக்கி நிறுத்திக் கீழே இழுத்துப் போனான். பால்கனியிலிருந்து இறங்கி வந்திருந்த அதிகாரி அம்மா கடிகாரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் அறிவிக்க வேண்டியவரா?”

தலையாட்டினேன்.

“கடைசிவரைக்கும் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே.”

அதற்கும் தலையாட்டினேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “அதைப் போட்டா எப்பவும் இப்படித்தான் போவாங்களா?”

“இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க?” என்றார் பாக்கியம் அக்கா. “சுபம் போட்டப்பறம் எவனாச்சும் குந்திக்கினு இருப்பானா? வூட்டுல சோறு ஆறிடாது?”

அந்த அம்மா வாயை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மணிச் சுவிட்சின் பக்கமே யாரும் போகக் கூடாது என்றார். சைரன் வாங்கிப் பொருத்தியபிறகு மறுபடி வந்து பார்ப்பதாகச் சொன்னார். அண்ணாச்சி கைகூப்பி, “ஒரே ஒரு தடவன்னு சொன்னியளே தாயி?” என்றார். “நேரத்துக்குள்ள காலியாயிடுச்சே. அதை நான் இல்லைன்னு எழுத முடியாதே. கதவெல்லாம் நல்லாத் திறக்குது” என்றார் அவர். “சைரன் வச்சாலும் அந்தப் பெட்டியை எடுத்துடாதீங்க. கரண்ட் போனாலும் எரியற மாதிரி ஒரு பேட்டரி போட்டு வைங்க.”

சைரன் வந்தது, கையெழுத்தும் வந்தது. நீலமணி இப்போதும் ஓடுகிறது. மூக்கில்லாத மயிலுக்கு இன்னும் மூக்கு வைக்கவில்லை. அது அடுத்த கூட்டத்தில் பேசப்படும் என்று பல கூட்டங்களாகச் சொல்லி வருகிறார்கள்.

எனக்கு மட்டும் அந்த ஒத்திகை ஆறாத காயம். போன தையில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மாத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். தட்டு மாற்றும் முன் பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர் வற்புறுத்தினார். செல்வி என்னைக் கிள்ளினாள். வேறு வழியில்லாமல் எழுந்து நின்றேன். தொண்டையைக் கனைத்தேன்.

அவ்வளவுதான். பாக்கியம் அக்கா, டில்லி, காதர் பாய், ஜார்ஜ் அண்ணன், அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெரு மொத்தமும், முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லாமல், ஒரே நேரத்தில் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

சம்பந்தி பதறிப் போனார். “என்னாச்சு? யாருக்காவது கோவமா?”

“ஒண்ணியும் இல்ல சம்பந்தி” என்றாள் செல்வி. “அவுரு எழுந்தா எங்க தெருவுல அப்டித்தான். நீங்க குந்துங்க. நான் பேசறேன்.”