பனி மெஷின் போட்ட முட்டைகள்

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமையையாவது மீனுக்குக் கொடுப்பது, மெஷினுக்குக் கொடுப்பதில்லை என்று தோ சாங்பில் முடிவு செய்தார்.

மீன் ஏரியில் இருந்தது. சுன்ச்சொன் ஏரி கல்லாக உறைந்து கிடக்க, அவருடைய நண்பர்கள் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, விரல் நீள மீன்களைப் பிடித்து அங்கேயே பொரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மெஷின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. குளிருக்காகத் தரைக்கடியில் குழாயில் சுடுநீர் ஓடி வீடே அப்பளமாகக் காயும் மாதங்களில், குளிர்ந்த பனிப்புகை விட்டுக் காற்றை ஈரமாக்குகிற மெஷின். அது புகை விட, சாங்பில் பெருமூச்சு விட வேண்டும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, துடைத்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சனிக்கிழமையானால் வினிகரில் ஊறவைத்து, அடியில் படிந்த வெள்ளை உப்பைச் சின்ன பிரஷால் நோகாமல் தேய்த்து, வாசனை போக அலசி, ஈரம் போக உலர்த்த வேண்டும். சொந்தப் பல்லுக்குக்கூட அவர் இவ்வளவு மரியாதை செய்ததில்லை.

"ஹெரின் அம்மா, இந்த வாரம் நீ கழுவேன்" என்று மகள் பெயரைச் சொல்லி மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

அவள், ஊன்சொக், மழலையர் பள்ளியில் டீச்சர். "என் தொண்டை காய்ஞ்சுபோனா நாளைக்கு அந்த வாண்டுகளை யார் மேய்க்கிறது? சமையல் நான், துணி நான். இது ஒண்ணுதான் உங்க வேலை. உங்க நெஞ்சுலதான் ஈரம் இல்ல, காத்துலயாவது இருக்கட்டும்."

கேட்டுக் கிடைக்காததைச் சூழ்ச்சியால் அடைய நினைத்தார் சாங்பில். திங்கட்கிழமை மெஷினைக் கழுவும்போது அதன் ரகசியம் பிடிபட்டது. அடித்தட்டில் ஒரு குட்டி வெள்ளை மிதவை. தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறும். அது ஏறினால்தான் தண்ணீர் இருப்பதாக மெஷின் நம்பும். மிதவை இல்லையென்றால் சிவப்பு விளக்குதான், புகை கிடையாது. மிதவை அவருடைய பாக்கெட்டுக்குள் போயிற்று.

"மெஷின் செத்துப்போச்சும்மா."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"சாவு சொல்லிட்டா வரும்?"

ஊன்சொக் மெஷினைத் திறந்து பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "சரி, விடுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாக எதையும் விட்டதில்லை. அது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் நன்றாகத் தூங்கினார்.

காலையில் எழுந்து வந்தால், மெஷின் குபுகுபுவென்று புகை விட்டுக்கொண்டிருந்தது. பாக்கெட்டைத் தடவினார். மிதவை பத்திரமாக இருந்தது.

"ஐயோ, ஆவி!"

"ஆவி இல்லைங்க, பனி. கையை வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்."

"செத்தது எப்படி எழுந்துச்சு?"

"நீங்களும்தான் தினமும் எழுந்திரிக்கறீங்க. நான் ஏதாவது கேக்கறேனா?"

அவள் பள்ளிக்குப் போனதும் திறந்து பார்த்தார். உள்ளே இன்னொரு மிதவை! அதையும் எடுத்தார். சாயங்காலம் மெஷின் மறுபடி செத்தது. "சரி, விடுங்க" என்றாள் ஊன்சொக். மறுநாள் காலையில் மறுபடி புகை, மறுபடி மிதவை.

வாரக் கடைசிக்குள் ஒரு பிடி மிதவை சேர்ந்துவிட்டது. துணி துவைக்கும்போது அகப்பட்டுவிடும் என்று பயந்து, போகுமிடமெல்லாம் சுமந்தார். மெஷின் முட்டை போடுகிறதா? மெஷினோடு வந்த குறிப்புப் புத்தகத்தை முழுதும் படித்தார். கழுவுவது பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. இனப்பெருக்கம் பற்றி ஒரு வரி இல்லை. யாரிடம் கேட்பது? கேட்டால் திருட்டு வெளியே வரும்.

"ஏம்மா, இந்த மெஷினுக்குள்ள ஏதாவது... தானா வளருமா?"

"கழுவலைன்னா பாசி வளரும். வேற என்ன வளரணும்?"

"ஒண்ணுமில்ல."

"நீங்க நடந்தா என்னமோ கடகடங்குதே?"

"முழங்கால்."

"பாவம், வயசாயிடுச்சு."

சனிக்கிழமை காலை. மெஷின் கழுவாமல் மூலையில் கிடந்தது. குழம்பிய தலையில் கம்பளிக் குல்லாயை மாட்டி, தூண்டிலை எடுத்துக்கொண்டு, சாங்பில் சத்தமில்லாமல் கதவைத் திறந்தார்.

வாசலில் மேல் வீட்டு க்யூரி அம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் எதிர் வீட்டு பாங் அம்மாள். அதற்குப் பின்னால் படிக்கட்டு வரைக்கும் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பனி மெஷின்.

"உங்க தங்க மனசு யாருக்கு வரும்!" என்றாள் க்யூரி அம்மா. "எல்லாரும் தள்ளுபடியில ஒண்ணா வாங்கின மெஷின். எங்க வீட்டு ஆம்பளைங்க கிட்டக்கூட வரமாட்டேங்கறாங்க. நீங்க எல்லாத்தையும் கழுவித் தரேன்னீங்களாமே?"

"நானா? எப்போ?"

"முதல்ல மிதவையை மட்டும் கேட்டீங்கன்னு ஊன்சொக் தினம் ஒரு வீட்டுல வாங்கிட்டுப் போனாளே! மெஷினை சனிக்கிழமை கொண்டு வரச் சொன்னா."

"மிதவையா? சத்தியமா என்கிட்ட மிதவை எதுவும்..."

பதறி ஓர் அடி பின்வாங்கினார். பாக்கெட் கடகடவென்றது. வரிசை மொத்தமும் பாக்கெட்டைப் பார்த்தது.

"கூச்சப்படாதீங்க, எடுத்துக் குடுங்க" என்று உள்ளேயிருந்து வந்தாள் ஊன்சொக். பெரிய வினிகர் பாட்டிலை அவர் கையில் திணித்து, தூண்டிலை வாங்கிக்கொண்டாள். அவர் தலையிலிருந்த குல்லாயைக் கழற்றித் தன் தலையில் மாட்டினாள்.

"நாங்கல்லாம் ஏரிக்குப் போயிட்டு வர்றோம். இதை மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க. மீனையும் நீங்கதான் கழுவணும்."