வாடகை ரசீதில் கையெழுத்துப் போட்ட சாரைப்பாம்பு

ஒரு காட்டில், சம்பளம் முட்டையாக வந்துகொண்டிருந்த காலத்தில், மரகதம் என்ற சாரைப்பாம்பு ஒரு புற்றுக்குச் சொந்தக்காரியாக இருந்தாள். புற்றைக் கட்டியது கரையான்கள். மரகதம் உள்ளே போய்ப் படுத்தாள், கரையான்கள் வெளியே போய்விட்டன. அந்தக் காட்டில் பத்திரப் பதிவு என்பது அவ்வளவுதான். முன் போர்ஷனில் அவள் இருந்துகொண்டு பின் போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தாள்.

குடியிருந்தவன் ஒரு கீரி. பெயர் தணிகாசலம்.

பாம்புப் புற்றில் கீரியா என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. நியாயம்தான். தணிகாசலம் முதன்முதலில் அந்தப் புற்றுக்கு வந்தது வீடு பார்க்க அல்ல, சாப்பிட. மரகதத்தின் கழுத்துக்கு நேராக வாயைத் திறந்தும் விட்டான். சாரைப்பாம்புக்கு விஷமா இருக்கிறது? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. அவன் சிங்கராஜாவின் ஆபீசில் காவல் பிரிவில் வேலை பார்த்தான். வாடகை ரசீது கொடுக்காதவர்களுக்கு வரியை முழுசாகப் பிடித்துவிடுவோம் என்று கணக்குப் பிரிவுக் கிளி அன்று காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தது.

திறந்த வாயை மூடாமலே, "ஏம்மா, இந்தப் புத்து உங்க சொந்தமா?" என்று கேட்டான்.

"ஆமாந் தம்பி," என்றாள் மரகதம், கண்ணைத் திறக்காமல்.

"பின்னால இடம் ஏதாவது காலியா இருக்கா?"

கடிக்க வந்தவன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து மாதாமாதம் மரகதம் வால் நுனியை மையில் தோய்த்து ரசீதில் கையெழுத்துப் போடுவாள். தணிகாசலம் அதைப் பத்திரமாக மடித்து எடுத்துப்போவான். வீட்டுக்காரம்மாவின் உடம்பில் அவனுக்கு இருந்த அக்கறை பெற்ற பிள்ளைகளுக்குக்கூட வராது. மேலே பருந்து வட்டமிட்டால் போதும், "அம்மா, உள்ள போங்க! இந்த மாச ரசீது இன்னும் வாங்கல!" என்று அலறிக்கொண்டு ஓடிவருவான். சட்டை உரிக்கிற நாட்களில் அவளுக்கு வேளாவேளைக்குத் தவளை பிடித்துக் கொடுப்பான். மரகதத்துக்கும் பயம் போய், கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்காரம்மாக்களுக்கே உரிய குணமெல்லாம் வந்துவிட்டது. "ராத்திரில வாசல்ல மண்ணைப் பறிக்காத தம்பி, சத்தம் தாங்கல," என்று அதட்டுவாள். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு சரிம்மா என்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் தணிகாசலம் சீட்டியடித்துக்கொண்டே வீடு வந்தான்.

"அம்மா, விஷயம் தெரியுமா? ராஜா வரில புது வழி கொண்டுவந்துட்டாரு. இனிமே ரெண்டு வழி. எது வேணுமோ நாமளே எடுத்துக்கலாம்."

"அப்படின்னா?"

"பழைய வழில வரி ஜாஸ்தி. ஆனா வாடகை, இன்ஷூரன்ஸ், அது இதுன்னு காட்டிக் கழிச்சுக்கலாம். புது வழில வரி கம்மி, ஆனா ஒண்ணையும் கழிக்க முடியாது. ஒரு பேப்பரும் காட்ட வேண்டாம்." அவன் குரல் குழைந்தது. "ரசீதே வேண்டாம்மா!"

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அத்தனை வருஷமாக அவளுடைய வால் நுனியை மட்டுமே பார்த்துப் பழகியவன், முதல் தடவையாகக் கழுத்திலிருந்து வால்வரை நிதானமாகப் பார்த்தான்.

"நீங்க நல்லா சதை போட்டிருக்கீங்கம்மா," என்றான்.

மரகதத்துக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சாரையின் வயிறு நீளம் என்பதால் கரைந்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

"நீ எந்த வழி தம்பி?" என்று மெல்லக் கேட்டாள்.

"எது லாபமோ அது. ஒரு முட்டை லாபம்னாலும் லாபம் லாபம்தானேம்மா? வெள்ளிக்கிழமைக்குள்ள கிளிகிட்ட சொல்லணும். சொல்லாம விட்டா அவங்களே புது வழில போட்டுடுவாங்க." கொட்டாவி விட்டான். பல் எல்லாம் நன்றாக இருந்தது.

மறுநாள் தணிகாசலம் வேலைக்குக் கிளம்பியதும், மரகதம் ஒரு கொழுத்த எலியை ஃபீஸாக எடுத்துக்கொண்டு ஆடிட்டர் ஏகாம்பரத்திடம் ஓடினாள். ஏகாம்பரம் ஆந்தை. பகலில் தூங்க வேண்டிய ஜாதிதான். ஆனால் வரி சீசனில் தூங்கினால் பிழைப்பு ஓடுமா? ஆலமரத்தடியில் பெரிய வரிசை நின்றது. முன்னால் நின்ற காட்டுப்பன்றி, தான் எந்த வழி என்று தெரியாமல் காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்ததாம். எந்த வழியாக வந்தோம் என்பதும் இப்போது மறந்துவிட்டது என்றது.

மரகதத்தின் முறை வந்தது. தணிகாசலத்தின் சம்பளம், வாடகை எல்லாவற்றையும் அவள் ஒப்பித்தாள். ஏகாம்பரம் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு லேப்டாப்பை டொக் டொக் என்று கொத்தினார்.

"பழைய வழின்னா வருஷத்துக்கு முப்பது முட்டை வரி. புது வழின்னா இருபத்தேழு. புதுசுதாம்மா நல்லது. சந்தேகமே வேண்டாம். ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நான் அவர் வீட்டுக்காரம்மா. ரசீது கொடுக்கறவ."

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றினார். கீரி, பாம்பு, ரசீது என்று மனசுக்குள் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தார். அவருக்கே பாவமாக இருந்தது.

"பழைய வழி ஜெயிக்கணும்னா அவருக்கு இன்னும் இருபது முட்டைக்குச் செலவு காட்டணும்மா. அஞ்சுக்கு ஒண்ணு வரி குறையும். முப்பது, இருபத்தாறு ஆயிடும். புதுசை விட ஒரு முட்டை கம்மி. ஒரு முட்டை போதுமா?"

"அவனுக்குப் போதும்," என்றாள் மரகதம்.

இருபது முட்டைக்கு எங்கே போவது? வீட்டுக்கு வந்தவள் அன்று சாயங்காலமே பேச்சைத் தொடங்கினாள்.

"தம்பி, ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்து வைக்கக் கூடாதா? ஆமைகூட எடுத்திருக்கு."

"நான் செத்தா யாருக்கும்மா பணம்? எனக்கு யாரு இருக்கா?"

"அப்பா அம்மாவுக்கு வைத்தியச் செலவு ஏதாவது..."

"அவங்க ரெண்டு பேரும் பாம்பு கடிச்சுல்ல போனாங்க."

மரகதம் முன் போர்ஷனில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவன் ஆபீசிலிருந்து வரும்போதே மிளகு வாங்கி வந்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம். ஆனது ஆகட்டும் என்று துணிந்து, "தம்பி, வாடகையை இருபது முட்டை ஏத்தி ரசீது போட்டுத் தரேன். நீ எதுவும் ஜாஸ்தி தர வேண்டாம். பேப்பர்ல மட்டும்தான்," என்றாள்.

தணிகாசலத்தின் முகம் சிவந்துவிட்டது. மிளகுப் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"பொய் ரசீதா? என்னம்மா பேசறீங்க? நான் ராஜாவோட உப்பைத் தின்னவன். உங்களைத் தின்னாலும் தின்னுவேனே தவிர, பொய்க் கணக்கு காட்ட மாட்டேன்."

மரகதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு யோக்கியனான ஒரு கீரியிடமா வந்து மாட்ட வேண்டும்! பொய் சொல்லுகிறவனாக இருந்தால் அவள் பிழைத்திருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையும் இல்லாமல் அவள் உள்ளே ஊர்ந்து போனாள்.

ஆனால் அழுதுகொண்டே படுத்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பொய் ரசீதுதானே கூடாது? மெய் ரசீது கூடுமே?

வியாழக்கிழமை காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது மரகதம் வாசலில் குறுக்கே படுத்திருந்தாள். வீட்டுக்காரம்மாக்கள் வாடகை ஏற்றும்போது படுக்கிற மாதிரியே, யாரும் தாண்டிப் போக முடியாதபடி.

"தம்பி, இந்த மாசத்துலேருந்து வாடகையை ஏத்திட்டேன். வருஷத்துக்கு இருபது முட்டை கூட. நிஜமாவே தரணும்."

"என்னம்மா, திடீர்னு இப்படி?"

"உன் நல்லதுக்குத்தான். ஆடிட்டரையே கேட்டுட்டு வந்துட்டேன். இருபது முட்டை ஏறினா பழைய வழில உனக்கு வரி இருபத்தாறுதான். புது வழில இருபத்தேழு. ஒரு முட்டை லாபம்!"

தணிகாசலம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். எங்கேயோ இடித்தது. "ஆனா நான் இருபது முட்டை உங்களுக்குத் தரணுமேம்மா?"

இந்தக் கேள்விக்குத்தான் மரகதம் இரவெல்லாம் பதில் தயார் செய்திருந்தாள்.

"அது செலவு தம்பி. வரிங்கிறது தண்டம். செலவும் தண்டமும் ஒண்ணா? ராஜாகிட்ட போற முட்டை திரும்பி வருமா? எனக்குத் தர முட்டை எங்க போகும்? இதே புத்துலதான இருக்கும்."

தணிகாசலம் யோசித்தான். ஆபீசில் கரடி வரியை மிச்சம் பிடிக்கத் தேவையில்லாத ஒரு பாலிசி எடுத்துவிட்டு, அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவது அவன் கண்முன் வந்தது. நரி கடன் வாங்கி வளை கட்டி, வட்டியைக் கழித்துக்கொண்டு, தன்னைப் பார்த்துச் சிரிப்பதும் வந்தது. நாம் மட்டும் ஒன்றுமில்லாமல் நிற்கிறோமே என்று இத்தனை நாள் அவன் மனம் புழுங்கியிருந்தது.

"ஒரு முட்டை லாபம்னாலும்..." என்று இழுத்தான்.

"லாபம் லாபம்தானே தம்பி," என்று முடித்துவைத்தாள் மரகதம்.

வெள்ளிக்கிழமை தணிகாசலம் கிளியிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி, "பழைய வழி!" என்றான். மிளகை மரகதத்தின் சமையலறைக்கே கொடுத்துவிட்டான், வீணாகப் போகக் கூடாது என்று.

அந்த வருஷம் முழுக்க மரகதம் முட்டை சாப்பிட்டுப் பளபளவென்று இருந்தாள். தணிகாசலம் இளைத்து வால் மட்டும் மிஞ்சின மாதிரி ஆனான். ஆனாலும் ஆபீஸ் கேன்டீனில் அவன் பேச்சு எடுபட்டது. வரியில் ஒரு முட்டை மிச்சம் பிடித்த கதையை அவன் சொல்லச் சொல்ல, கரடியும் நரியும் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டன. செய்தி காட்டில் பரவியது. பிறகு பார்த்தால் மான்கள் புதருக்கு வெளியே 'வாடகைக்கு விடப்படும்' என்று போர்டு மாட்டியிருந்தன. முயல்கள் நரிகளாகத் தேடிப்பிடித்துக் குடிவைத்தன. சைவம் மட்டும் என்று எந்தப் போர்டிலும் போடவில்லை; போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

வருஷம் திரும்பியது. ஒரு காலையில் தணிகாசலம் தள்ளாடிக்கொண்டு முன் போர்ஷனுக்கு வந்தான். மரகதம் வெயிலில் படுத்து ஒரு முட்டையை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பழைய பயம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. புது வழியில் வரியை இன்னும் குறைத்துவிட்டார்களோ?

தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தொண்டையைக் கனைத்தான்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. போன வருஷத்தை விட வரியை இன்னும் குறைக்கலாம்னு பாக்கறேன். வாடகையை இன்னும் ஒரு நாப்பது முட்டை ஏத்திக் கொடுக்க முடியுமா?"

மரகதத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒட்டிய அவன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு அவன் பல்லைப் பார்த்தாள்.

"உனக்காக வேணும்னா ஏத்தறேன் தம்பி," என்றாள்.

நீதி: உயிர் பிழைக்க விஷமும் வேண்டாம், வேகமும் வேண்டாம், எதிரியின் வரிவிலக்கில் ஓர் இடம் பிடித்தால் போதும். வாடகையை வருஷா வருஷம் ஏற்றவும்.