பை-டூ காபியில் ஒரு வீர சபதம்

தொண்ணூறுகளில் மைசூரில் தபால் வழியாக ஆங்கில எம்.ஏ. படித்தவர்களில் பாதிப் பேர் முதல் பேப்பரில் தேறியதற்கும், மீதிப் பேர் படிப்பையே விட்டு ஓடியதற்கும் ஒரே மனிதர்தான் காரணம். அக்ரஹாரத்தில் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் டுடோரியலில் அவருக்குப் பெயர் டிராகன். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் காவியம் ஒன்றை நடத்துவதுதான் அவர் வேலை. ராஜாவின் மண்டபத்துக்குள் புகுந்து ஆட்களைத் தின்னும் பூதம், மகனுக்காகப் பழிவாங்க வரும் அதன் தாய், கடைசியில் நெருப்புக் கக்கும் டிராகன், மூன்றோடும் மோதும் ஒரு வீரன். வீரன் பூதத்தின் கையைப் பிய்க்கும் கட்டம் வந்தால் முன் பெஞ்சு காலியாகிவிடும். ஆங்கில வாத்தியாராகப் புதிதாகச் சேர்ந்திருந்த நான், அவர் பாடத்தைக் கேட்கலாமே என்று விவரம் தெரியாமல் ஒருநாள் அங்கே உட்கார்ந்தேன். சட்டைக் கை தோளோடு வந்துவிட்டது. புதுச் சட்டை ஐயா!

"இங்கிலீஷ் காவியம்ங்கறீங்க, கதை பூரா டென்மார்க், ஸ்வீடன்லயே நடக்குதே சார்?" என்று மறுநாள் அவரை மடக்கப் பார்த்தேன்.

"அட, இது நம்ம கதைதானுங்க!" என்றார், தமிழர்கள் பிழைக்க வந்து குடியேறிய மார்டள்ளிக் கிராமத்துக்காரரான டிராகன். "ரோமாபுரிப் பட்டாளம் இங்கிலாந்தை உட்டுப் போன பொறவு கடல் தாண்டிப் பொழைக்க வந்தவங்க இவங்க. வந்த எடத்துல குந்திக்கிட்டு, உட்டுட்டு வந்த சீமையைப் பத்திப் பாடுனாங்க. அப்பறம் ஏசுசாமியைக் கும்புட ஆரம்பிச்சாங்க. சாமியார் மடத்துலதான் ஆரோ எழுதி வச்சிருக்கோணும். மிஞ்சுனது ஒரே பிரதி, அதும் தீயில ஓரம் கருகிப்போச்சுங்க."

நான் மடங்கி உட்கார்ந்தேன்.

ஒருநாள், ஆள் சேரவில்லை என்று முதல் பேப்பரையே மூடப்போவதாகப் பிரின்சிபால் அறிவித்தார். டிராகனுக்கு வேறெதுவும் நடத்தத் தெரியாது. பேப்பர் போனால் அவர் பிழைப்பும் போச்சு. எதிர் ஹோட்டலில் அவர், நான், கிராமர் வாத்தியார், டைப்ரைட்டிங் வாத்தியார் நாலு பேரும் இரண்டு காபி வாங்கி, பை-டூ போட்டுப் பாதிப் பாதியாகக் குடித்தோம்.

"அந்தக் காலத்து வீரனுங்க மண்டபத்துல கோப்பையைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் சபதம் போடுவானுங்க. போட்டா செஞ்சே தீரோணும்" என்றார் டிராகன்.

"பேப்பரை மூடட்டும் குரு, நானும் ராஜினாமாதான்!" என்று தம்ளரைத் தூக்கினார் கிராமர். "நானும்!" என்றார் டைப்ரைட்டிங்.

எனக்கும் ரத்தம் சூடேறிவிட்டது. அரை காபிக்கு இவ்வளவு ஏறும் என்று நான் நினைக்கவே இல்லை. "பிரின்சிபால் முகத்துக்கு நேரா நானே சொல்றேன்!" என்று கத்தினேன். அதுவரை அவருடைய செருப்பைப் பார்த்துத்தான் குட்மார்னிங் சொல்லியிருக்கிறேன்.

டுடோரியல் மாடிக்கு ஏறும்போது முதல் படியிலேயே டைப்ரைட்டிங்குக்குப் பல்வலி வந்தது. நாலாவது படியில் கிராமருக்கு ஸ்கூட்டரைப் பூட்டாதது ஞாபகம் வந்தது. நானும் திரும்பினேன். ஒரு ஆள் போகிற அகலம்தான் அந்தப் படிக்கட்டு. பின்னால் மலை மாதிரி டிராகன் நின்றிருந்தார். வேறு வழியில்லாமல் மேலே போனேன்.

"ஏனு விஷய, என்ன விஷயம்?" என்றார் பிரின்சிபால், தலையைத் தூக்காமலே.

"முதல் பேப்பரை மூடினா சார்... நானும்..." என்று இழுத்தேன்.

"நீங்களுமா? சந்தோஷம். மாசக் கடைசியில ரெண்டு பேருமே கிளம்புங்க."

பாதி வாக்கியத்துக்கு வேலை போன ஆங்கில வாத்தியார் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கீழே பாத்திரக்கடை வாசலில் டிராகன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிச் சண்டையில வீரனுக்கு வயசாயிப்போயிருக்குமுங்க. டிராகனைப் பாத்ததும் கூட வந்தவங்க பூரா காட்டுக்குள்ள ஓடிருவாங்க. ஒருத்தன் மட்டும் பக்கத்துலயே நிப்பான். அந்த எடம் நடத்தவே எனக்குப் புடிக்காதுங்க. ஆரு நிப்பா, பாட்டுக்காரன் சும்மா கட்டிவுட்டதுன்னு நெனைச்சிருந்தேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

படியில் அவர் கொஞ்சம் ஒதுங்கி நின்றிருந்தால் நானும் காட்டுக்குள்தான் இருந்திருப்பேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும், அவர் நினைத்த ஆளாகவே இருந்துவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.