உங்கள் மகன் என் வீட்டுக்குப் பூசிய நிறம்

லிந்துலை கடைவீதி
தாது வருஷம், ஐப்பசி

மகாகனம் பொருந்திய மைத்துனர் தம்பையா அவர்களுக்கு, நாகலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே மழை ஒன்றுதான் அதிகம், மற்றபடி தெய்வ கடாட்சத்தால் உங்கள் தங்கை பூரணியும் மகள் தனலெட்சுமியும் நானும் சௌக்கியம். அங்கே உங்கள் சம்சாரம், என் தங்கச்சியின் முழங்கால் வலி தேவலையா?

நிற்க. கடைக்கு ஒத்தாசையாக இருப்பான் என்று நீங்கள் கப்பலேற்றி அனுப்பிய உங்கள் செல்வ மகன் அழகுமுத்துவைப் பற்றித்தான் எழுதுகிறேன். துரை பங்களாவுக்குச் சாமான் கொண்டுபோன இடத்தில் துரைசாணியின் வரவேற்பறையைப் பார்த்துவிட்டான். அன்று பிடித்தது சனி. "மாமா, அங்க செவுத்துல நெறமே தெரியலைங்க, கண்ணுக்கு எம்புட்டு அமைதியா இருக்கு" என்றான். என் வீட்டில் கூடத்துக்கு நீலம், சாமி அறைக்கு மஞ்சள், அடுப்படிக்குப் பச்சை, லட்சணமாக இருந்தது. நான் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போய்த் திரும்புவதற்குள் சுண்ணாம்பில் கரியைக் கலக்கி வீடு முழுக்கப் பூசிவிட்டான். ஒரு சுவர் சாம்பல், ஒரு சுவர் சாக்கு, ஒரு சுவர் ஆறிப்போன கஞ்சி. முருகன் படத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கிறதாம், அதையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டான். வெளியே பனிமூட்டம் என்று வீட்டுக்குள் வந்தால் உள்ளேயும் பனிமூட்டம். இதுக்குப் பேரு நாகரிகமாம். துரைக்குச் சீமையில் வெயில் கிடையாது, கண் கூசுகிறது. நமக்கு என்ன வந்தது?

மறுநாளே அட்டனிலிருந்து தனலெட்சுமியைப் பெண் பார்க்க வந்தார்கள். எத்தனை நாள் நடையாய் நடந்து பேசிய சம்பந்தம், உங்களுக்கே தெரியும். அவளோ சுவருக்குப் பொருத்தமாம், கோதுமை மாவு நிறத்தில் சேலை கட்டி, பூ வைக்காமல் வந்து நிற்கிறாள். மாப்பிள்ளையின் தாயார் உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார், சாமி படம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார், "ஐயோ தாயி, எங்களுக்குச் சொல்லிவிடலியே" என்று பூரணியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டார். யார் அழுதாலும் கூட அழுகிற பழக்கம் உங்கள் தங்கைக்கு. என்ன ஏதென்று கேட்காமல் அவளும் அழுதாள். அதைப் பார்த்துச் சம்பந்தி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "யாரும் சாகலைங்க, சுண்ணாம்புதாங்க" என்று நான் கத்தியது அந்த அழுகையில் யார் காதிலும் ஏறவில்லை. கேசரியைத் தொடாமல், வெற்றிலை எடுக்காமல், துட்டி வீட்டில் போலப் போய் வருகிறோம் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்கள். என் மகள் கல்யாணம் கரியாகிவிட்டது மச்சான், நெஞ்சு எரிகிறது. இந்த உதவாக்கரையை அடுத்த கப்பலில் அனுப்பிவைக்கிறேன். உங்கள் வீட்டுக்கே பூசட்டும்.

சின்னவர்களுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், உங்களுக்கு இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
நாகலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் தனலெட்சுமி வந்து நிற்கிறாள். "கரி இடிச்சுக் குடுத்ததே நான்தாங்கப்பா. அட்டன் மாப்புள வேணாம்னா நீங்க கேட்டிருப்பீங்களா? கட்டுனா அத்தானைத்தான் கட்டுவேன்" என்கிறாள். முறை மாப்பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அட்டனுக்கு நடந்த என்னைச் சொல்ல வேண்டும். மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். தை மாதத்தில் நல்ல முகூர்த்தம் பார்த்துக்கொண்டு தங்கச்சியோடு கப்பலேறி வரவும். கல்யாணத்துக்காவது சுவருக்கு நீலம் அடிக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார்.