டேப்புக்காரரின் கரிக்கோடு

மீனுக்கு ஜாதகம் கணித்துவிட்டு விற்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் முதலமடையில் எங்கள் தெருவுக்கு மொபெட்டில் வருகிறார். டேப்புக்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் அவர் வீட்டிலாவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

டப்பாவுக்குள் போனால் டூனா என்று பெயர் மாற்றிக்கொள்ளும் சூரை மீன்தான் வியாபாரம். பெட்டியைத் திறந்ததும் கத்தியை எடுக்க மாட்டார். தையல்காரர் டேப்பை எடுத்து, மூக்கிலிருந்து வால் பிளவு வரை அளந்து, பொன்னானியில் சின்னப் படகு வைத்துத் தூண்டில் போடும் மச்சினனுக்குச் செல்போனில் அளவை அனுப்பிய பிறகுதான் நறுக்குவார். அதற்குள் எங்கள் அடுப்பில் புளிக்கரைசல் வற்றிவிடும்.

"ஏனுங்க, மீனுக்குச் சட்டை தைக்கறீங்களா?" என்பாள் என் மனைவி.

"கரையில ஏல அவசரத்துல அளக்க முடியறதில்லீங்க அம்மிணி. எந்த அளவுல வருதுன்னு தெரிஞ்சாத்தான் கடல்ல மிச்சம் எவ்வளவுன்னு தெரியும். தெரியாம புடிச்சுட்டே இருந்தா மச்சினனுக்கும் பொழப்பில்ல, எனக்கும் பொழப்பில்ல."

ஒருநாள் வெள்ளையடித்த எங்கள் மதிலில் கரியால் இரண்டு கோடு கிழித்தார். அந்த இடைவெளிக்குக் குறைந்த சூரை இன்னும் முட்டை போடாத குழந்தையாம், வாங்கக் கூடாதாம். மனைவி அன்று முழுக்க அவரைத் திட்டினாள்.

பிறகு ஒரு வேன் வந்தது. குட்டிச் சூரை, பாதி விலை. தெருவே அங்கே ஓடியது. டேப்புக்காரர் விற்காத பெட்டியோடு எங்கள் மதிலோரம் நின்றார்.

"நீங்களும் குட்டி கொண்டாங்களேன்" என்றேன்.

"அது மட்டும் முடியாதுங்க. குட்டிய வித்தாத்தான் வண்டி ஓடும்னா, நாளையிலிருந்து நான் வரலீங்க."

இதைக் கேட்ட என் மனைவி விறுவிறுவென்று வேனுக்குப் போனாள். ஒரு மீனை எடுத்து வந்து கரிக்கோட்டில் வைத்துப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

"ஏந்தம்பி, தொட்டில் புள்ளையத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? வளந்தப்பறம் கொண்டாங்க" என்றாள் வேன்காரரிடம். தெரு சிரித்தது. ஆளாளுக்கு வாங்கிய மீனோடு மதிலுக்கு வந்துவிட்டார்கள்.

நம்மாள் என்ன செய்தார்? சந்தோஷப்பட்டாரா? டேப்பை எடுத்து அந்த வேன் மீன்களையும் அளந்து அனுப்பினார்.

"இதையும் சொல்லோணுமுங்க. பெருசை மட்டும் சொன்னா கணக்கு பொய்யாயிரும்."

வேன் சில நாளில் தெருவை மாற்றிக்கொண்டது. இந்த வருஷம் மதிலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் கரிக்கோட்டை அழிக்கப் போனார். "அதைச் சுத்தி அடிங்க" என்றாள் மனைவி.

மொபெட் சத்தம் வரத் தாமதமானால், அந்தக் கோட்டருகில் போய் முதலில் நிற்பது அவள். அடுத்து நான்.