ஐரிஷ் நடிகரின் அண்ணனை நான் கடலில் மூழ்கடித்த கதை

புரியவில்லை என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. அதற்கு வேண்டிய தைரியம்தான் எனக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

அப்போது அம்பத்தூரில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். (எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.) கொரட்டூரில் நாடகக் குழு வைத்திருந்த நண்பன் குமரேசன், அயர்லாந்து மேடை நடிகர் ஒருவரைப் பேச அழைத்திருந்தான். பெயர் ஷேமஸ். வாழ்நாளெல்லாம் மேடையில் கழித்தவர். அவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும்.

"உன்னால முடியுமா மச்சான்? இல்லன்னா சொல்லிடு, வேற ஆளு கீறாங்க" என்றான் குமரேசன். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டாரையும் பட்டாபிராமிலிருந்து வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். மாப்பிள்ளையின் ஆங்கிலத்தை நேரில் பார்க்கட்டுமே.

ஷேமஸ் வாயைத் திறந்தார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டியதுபோல் ஏதோ வந்தது. அதுவும் ஆங்கிலம்தானாம். அம்மா, அண்ணன், கடல் என மூன்று சொற்கள் மட்டும் பிடிபட்டன. பேச்சை நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அரங்கமும் பார்த்தது.

இருந்த மூன்று சொற்களை வைத்து ஒரு வாழ்க்கையைக் கட்டினேன். ஏழைத் தாய். மீன்பிடிக்கப் போன அண்ணன். திரும்பி வராத படகு. பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷேமஸ் உண்மையில் சொன்னது, முதல் நாடகத்தில் கடல் வரைந்த திரை அறுந்து அண்ணன் தலையில் விழுந்த வேடிக்கை. (பிறகுதான் தெரிந்தது.) யாரும் சிரிக்காததால் ஷேமஸ் அதை நடித்தே காட்டினார். கைகால்களை உதறிக்கொண்டு தரையில் உருண்டார்.

"மூழ்கும்போது அண்ணன் இப்படித்தான் தவித்தாராம்" என்றேன்.

அரங்கில் விசும்பல். குமரேசன் தழுதழுத்த குரலில் எல்லாரையும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னான். எழுந்தார்கள். தன் கலைக்கான மரியாதை என்று நினைத்த ஷேமஸ் கண்கலங்கி, விளக்குகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்துவந்தார். அன்று முதல்முறையாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"மை பிரதர்."

மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். கொரட்டூர் பூமி ரொம்பக் கெட்டி.

பெண்ணின் அப்பா மெதுவாக மேடையருகே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஏன் தம்பி, அண்ணன் எப்போ கரை ஏறினாரு?"

பதிலுக்குக் காத்திராமல் குடும்பத்தை அழைத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. வகுப்பும் ஒரு மாதம் ஈ ஓட்டிவிட்டுப் படுத்தது. வருடக்கணக்கில் வரன் தேடிய பிறகு ஆவடியில் ஒரு வீட்டார் சம்மதித்தார்கள். தனியாகப் பேசச் சொன்னபோது அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "அந்த வெள்ளைக்காரர் அண்ணன் நல்லா கீறாரா?"

அவளைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் மகள் ஆங்கிலப் பாடத்தில் சந்தேகம் கேட்டு என்னிடம் வந்தால், அடுக்களையிலிருந்து குரல் வரும்: "அப்பாவைக் கேக்காதே. யாரையாவது சாவடிச்சிடுவாரு."