நூற்று முப்பதில் நிற்காத முள்

முள் நூற்று முப்பதில் நிற்க வேண்டும். அது நூற்று அறுபதில் போய் நின்றுகொண்டு, 'என்னை என்ன செய்துவிடுவாய்?' என்று மெக்கானிக்கைப் பார்த்தது.

"போன வாரம்தானே மாஸ்டர் சரி பண்ணிக் குடுத்தீங்க?" என்றார் கண்டக்டர். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் மெக்கானிக்கை இன்னும் சுட்டது.

"குடுத்தேன். இங்கேயே வச்சுப் பார்த்துத்தான் குடுத்தேன். முள் கல்லு மாதிரி நின்னுச்சு."

"எங்க வீட்டுக்கு வந்ததும் நகர்ந்துருச்சு."

"நீங்க எதையும் திருகலையே?"

"நானா? என் டிக்கெட் பை மேல சத்தியம் மாஸ்டர்!"

அந்தப் பையை ஓய்வு பெற்ற அன்றே டெப்போவில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது மெக்கானிக்குக்கு அப்போது தோன்றவில்லை. தவிர, வீட்டில் பல்பு மாற்றுவதற்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற மனிதரைச் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. சந்தேகப்படுவதற்கு வேறொரு ஆள் கைவசம் இருந்தார். அது அவரேதான்.

காற்றுத் துப்பாக்கிகளை ரிப்பேர் செய்யும் கடை அது. ஒரு ஷட்டர், ஒரு மேசை, காற்று ஏற்ற ஒரு பம்ப், அவ்வளவுதான். துப்பாக்கியின் உருளையில் இருநூறு பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்துவிட்டால், ஒவ்வொரு முறை சுடும்போதும் அதிலிருந்து அளவாக எடுத்துக் கொடுப்பது ரெகுலேட்டர் என்கிற விரல் நீளச் சாமான். கண்டக்டரின் துப்பாக்கிக்கு அந்த அளவு நூற்று முப்பது. அதைக் காட்டுவதற்கென்றே பக்கவாட்டில் ஒரு குட்டி மீட்டர். 'சம்பளத்தை வாங்கி வச்சுக்கிட்டு, செலவுக்கு அளந்து குடுக்குற வீட்டுக்காரி மாதிரி' என்று மெக்கானிக் முன்பெல்லாம் வருகிறவர்களுக்கு விளக்குவார். இப்போது அந்த உதாரணத்தைச் சொல்வதில்லை.

மனைவி போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அவளுக்கு இந்தக் கடையைக் கண்டாலே ஆகாது. "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா. இரும்புல செஞ்சவ. அவளுக்குக் காத்து அடிக்கவே உங்களுக்குப் பொழுது சரியாப் போகுது" என்பாள். ஒரு தடவைகூடக் கடை வாசலை மிதித்தவள் இல்லை.

அவள் போன பிறகு மெக்கானிக்குக்கும் கடை வேண்டாமென்று ஆகிவிட்டது. ஷட்டரைத் தூக்காமல், குளிக்காமல், சுவரைப் பார்த்தபடி வீட்டில் கிடந்தார். மகள் போனில் தினமும் அழுதாள். "கடையைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடுங்கப்பா. நான் உங்களையாவது பத்திரமா வச்சுக்கணும்." பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரோ, துக்கம் விசாரிக்க வந்த இடத்திலேயே கடையின் நீள அகலத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் கண்டக்டர் துப்பாக்கியும் கையுமாக வீட்டுக்கே வந்து நின்றார். துப்பாக்கிக் கழகத்தில் குறி அட்டையைவிட, அட்டைக்குப் பின்னால் இருக்கிற சுவரை அதிகம் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். அவர் மனைவியும் மெக்கானிக்கின் மனைவியும் நெடுநாள் சிநேகிதிகள். அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கண்டக்டரும் அவர் மனைவியும் நடையாய் நடந்தார்கள்.

"முள் ஊர்ந்து ஊர்ந்து மேல போகுது மாஸ்டர். நீங்க கை வச்சாத்தான் ஆகும்."

இந்த ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் மெக்கானிக் போய் ஷட்டரைத் தூக்கினார். அந்த ஒரு வேலைதான் முடியவே மாட்டேன் என்கிறது.

முதல் தடவை உள்ளே தூசி. துடைத்து, ரப்பர் வளையம் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி, காற்றடைத்து, முள் நகராமல் நிற்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்.

"இந்த ஓட்டைக்குள்ள இருக்குற ஸ்குரூவை மட்டும் தெரியாத்தனமாக்கூடத் திருகிடாதீங்க. வலது பக்கம் திருகினா அழுத்தம் ஏறிடும்."

"வலதுன்னா, கடிகாரம் சுத்துற பக்கமா?"

"ஆமா."

"அதுக்கு எந்தச் சாவி போடுவாங்க மாஸ்டர்?"

"சின்ன ஆலன் கீ. எதுக்குக் கேக்குறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான். தெரியாமத் திருகிடக் கூடாதுல்ல."

இப்போது நூற்று அறுபது.

"அழுத்தம் ஏறியிருந்தா குண்டு வேகமாப் போகணுமே மாஸ்டர்? இது சோர்ந்துபோய் விழுதே!"

"உள்ள இருந்து பத்துப் பேர் கதவை அழுத்திப் பிடிச்சா, வெளிய இருந்து நீங்க ஒருத்தர் திறக்க முடியுமா? அந்தக் கதைதான். விசையை இழுத்ததும் உள்ள இருக்குற சுத்தியல் தட்டுது, வால்வு திறக்க மாட்டேங்குது."

"புரியுது, புரியுது. முப்பது வருஷம் படிக்கட்டுல நின்னு பார்த்ததுதானே."

மெக்கானிக் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, சிரித்ததற்காக வெட்கப்பட்டார். காற்று முழுவதையும் வெளியேற்றி, ஸ்குரூவை மயிரிழை இடப்பக்கம் திருப்பி, மறுபடி அடைத்து, மீட்டரைப் பார்த்து, மறுபடி வெளியேற்றி, இப்படியே பிற்பகல் போயிற்று. நூற்று முப்பது. சுட்டுப் பார்த்தார். முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

"இனிமே மணல், தூசி மட்டும் போகாமப் பார்த்துக்குங்க. காத்தடைக்கிற வாய்க்கு மூடி போட்டே வைங்க."

அடுத்த வாரம் மூடி இல்லை. உள்ளே மணல்.

"மணல் ஏது உங்க வீட்டுல?"

"எதிர்வீட்டுல கட்டட வேலை மாஸ்டர். நாங்க சாப்பிடுறதே பாதி மணல்தான்."

மணலைக் கழுவி எடுத்தார் மெக்கானிக். கண்டக்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, படிக்கிற பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற என்னென்ன மாஸ்டர் இதுக்கு ஆகாது?"

"எண்ணெய். இந்த அழுத்தத்துல ஒரு சொட்டு எண்ணெய் பட்டாப் போதும், வெடிச்சுடும்."

கண்டக்டர் முகம் வெளுத்துப் போயிற்று. எண்ணெய்க் கோளாறு மட்டும் கடைசிவரை வரவேயில்லை.

ஆனால் அதற்கடுத்த வாரம் முள் தொண்ணூற்றில் கிடந்தது. தூசி இல்லை, மணல் இல்லை, வளையத்தில் கீறல் இல்லை. மெக்கானிக் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

கோளாறு துப்பாக்கியில் இல்லை, கையில்தான் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. எதைத் தொட்டாலும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவள் போகும்போது வீட்டிலிருந்த வெளிச்சத்தை மட்டும் கொண்டு போகவில்லை, இந்தத் தொழிலையும் முந்தானையில் முடிந்து எடுத்துப் போய்விட்டாள்.

"வச்சுட்டுப் போங்க கண்டக்டர் சார். மொத்தமாப் பிரிச்சுப் பார்த்துடுறேன்."

"அவசரமே இல்ல மாஸ்டர். மெதுவாப் பாருங்க. நிறைய நாள் எடுத்துக்குங்க."

மறுநாள் மொத்தமாகப் பிரித்தார். ரெகுலேட்டருக்குள்ளே கிண்ணம் போல் குழிந்த வாஷர்கள் வரிசையாக இருக்கும். ஒன்று முகம் பார்த்தால் அடுத்தது முதுகு காட்ட வேண்டும். அப்படி மாற்றி மாற்றி அடுக்கினால்தான் அது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். ஒருமுறை சாப்பாட்டு மேசையில் வைத்து இதை அடுக்கியபோது, அவள் எட்டிப் பார்த்து, "நம்மள மாதிரியேதான். ஒருநாள் முகம், ஒருநாள் முதுகு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது இப்போது நினைவுக்கு வந்தது. வந்ததும் கண்ணீர் கண்ணை மறைத்தது. எத்தனையாவது வாஷர், எந்தப் பக்கம் என்பதெல்லாம் கலைந்து போயிற்று.

மூடி, காற்றடைத்தார். முள் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. பிரித்து மறுபடி அடுக்கினார். கை தவறி இரண்டு வாஷர்கள் மேசைக்கடியில் உருண்டன. முழங்காலிட்டுத் தேடி எடுத்துத் துடைத்து அடுக்கினார். பூஜ்யம். இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தவர் அவர். தரையிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிய சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அழுது முடித்ததும் மகளுக்குப் போன் போட்டார். "வந்துடுறேம்மா. ஞாயித்துக்கிழமை வண்டி ஏறிடுறேன்."

"நிஜமாவாப்பா?"

"நிஜமாத்தான். எனக்குக் கை போயிடுச்சு."

"கையா! கையில என்னப்பா அடி?"

அவளுக்கு விளக்கிப் புரியவைப்பதற்குள், அடி இல்லை என்று வாட்ஸ்அப்பில் இரண்டு கைகளையும் படம் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு சமயத்தில் ஒரு கையைத்தான் எடுக்க முடிந்ததால், 'இன்னொரு கை எங்கே?' என்று அவள் மறுபடி அழுதாள். ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ஓடி வந்து இரண்டையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும், "நாளைக்குக் காலையிலேயே சாவி வாங்கிக்கவா அண்ணா?" என்று அதே மூச்சில் கேட்டார். மெக்கானிக் தலையாட்டிவிட்டார்.

பிறகு துப்பாக்கியிலிருந்த காற்றைக் கடைசிவரை வெளியேற்றி, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்கு நடந்தார். இத்தனை காலத் தொழிலில் ரிப்பேர் செய்யாமல் ஒரு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. தெருவில் தெரிந்தவர்கள் யாரும் எதிரே வந்துவிடக் கூடாது என்று குனிந்தபடியே போனார்.

கண்டக்டரின் மனைவி கதவைத் திறந்தார். "வாங்கண்ணா. அவர் இப்பத்தானே உங்க கடைப் பக்கம்னு கிளம்பினாரு. எதிர்ல பார்க்கலையா? உள்ள வாங்க, தண்ணி குடிங்க."

"இல்லம்மா, இருக்கட்டும். இதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்." உறையை நாற்காலியில் சாய்த்து வைத்தார். "சாரை வேற யார்கிட்டயாவது காட்டச் சொல்லுங்க. என்னால ஆகலை."

"சரியாகலையா?"

"முள்ளே அசையலைம்மா. பூஜ்யத்துலயே கிடக்குது."

"பூஜ்யமா? ஐயோ, அந்த அளவுக்கு அவர் கெடுக்கலையேண்ணா!"

சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு கெடுக்கலை?"

அந்த அம்மா முந்தானையைப் பிசைந்தார். வாசலை எட்டிப் பார்த்தார். கணவர் வருகிற வழியாகத் தெரியவில்லை.

"அவரா?" மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது. "வாரா வாரம் அவர்தான் கெடுத்துக் கொண்டுவந்தாரா? நான் கை போச்சுன்னு கடையையே குடுத்துட்டேன்மா! நாளைக்குச் சாவி குடுக்கணும்! அப்படி என்னம்மா செஞ்சுட்டேன் நான் அவருக்கு?"

"அவர் மேல தப்பு இல்லண்ணா," என்றார் அந்த அம்மா அழுதுகொண்டே. "'நான் போயிட்டா அவரு கடையைத் திறக்கவே மாட்டாரு, வாரா வாரம் ஏதாவது ஒரு ரிப்பேர் கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டே இருங்க'ன்னு ஆஸ்பத்திரியில இவர் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினதே உங்க வீட்டம்மாதான்!"